ஷாத்தோ வாசலில் உடைந்த பூசணிக்காய்

அத்தியாயம் 14

காலை ஆறரைக்கே தம்பி போன் செய்தால் அது நல்ல சேதியாக இருக்காது என்பது ஷீஜாவின் அனுபவம். இன்றும் அது பொய்க்கவில்லை.

"சேச்சி, இன்னிக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். வாயைத் தெறக்காம இருந்துடு, ப்ளீஸ்."

"வாயை மூடிட்டுத் தரையைத் தொடைக்கலாமா, இல்லை அதுவும் கூடாதா?"

"தமாஷு வேண்டாம். சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஓபனிங். ஓதீல் மேடத்தை நான்தான் கார்ல கூட்டிட்டு வர்றேன். அடுத்த மாசம் பெர்மனன்ட் ஆக்கறேன்னு நிகில் சார் வாக்கு குடுத்திருக்கார். நீ ஏதாவது ப்ரஸ்னம் உண்டாக்கினா என் கதை தீர்ந்துது, கேட்டியா?"

போன வாரம் வரை கூடவே வந்தவர்களுக்குத் தம்பி அஜீஷின் பயம் புரியும். இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

பிரான்சு தேசத்தில் ஓர்மெல் என்று ஒரு ஷாத்தோ இருக்கிறது. ஷாத்தோ என்றால் ஐம்பத்திரண்டு ஜன்னல் வைத்த கல் பங்களா, அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைத் தோட்டம், அடியில் ஒயின் பீப்பாய்களுக்கென்று தோண்டிய நிலவறை, எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய சமாசாரம். முன்னூறு வருஷமாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. இப்போதைய சொந்தக்காரர் ஓதீல் மேடம் தன் வீட்டின் பாரம்பரியத்தை ஊர் ஊராகக் கண்காட்சி வைத்துக் காட்டி வருகிறார். இந்த மாதம் மட்டாஞ்சேரியின் முறை. பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு கோடவுனுக்கு வெள்ளையடித்து, படங்கள் மாட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய கவாத்துக் கத்திகளையும் நிலவறைச் சாவிகளையும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடவுனைப் பெருக்கித் துடைக்கும் ஆறு பேருக்கு ஷீஜா சூப்பர்வைசர்.

பத்து நாள் முன்பு, சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய போட்டோவைத் தூசி தட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வண்டி நிறைய திராட்சைக் கூடைகள். பக்கத்தில் தலைப்பாகை கட்டி, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி ஒரு கறுத்த மனிதர். சுள்ளிக்கல்லில் அவள் வீட்டில் சாமி அலமாரிக்கு மேலே, கறையான் தின்று தீர்க்கும் வரை தொங்கிய அதே படம்! அவள் அப்பாவின் தாத்தா முனியாண்டி. மட்டாஞ்சேரி படகுத் துறையில் மாட்டு வண்டி ஓட்டியவர், முதல் உலகப் போரில் சுமை தூக்க ஆள் எடுத்த கூலிப் பட்டாளத்தோடு கப்பலேறிப் போனவர்.

படத்தின் கீழே ஒட்டியிருந்த அட்டையில் இங்கிலீஷிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது: 'பெயர் தெரியாத இந்திய வேலைக்காரன், 1918.'

பெயர் தெரியாதவனாம்! ஷீஜாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. கண்காட்சி மேனேஜர் நிகிலிடம் போய்ச் சொன்னாள். "அத்தாட்சி கொண்டு வா சேச்சி, இல்லைன்னா பேசாம வேலையைப் பாரு" என்றான் அவன். அத்தாட்சிக்கு எங்கே போவாள்? வீட்டில் மிச்சமிருந்தது கறையான் தின்றது போக வெறும் பிரேம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அப்பா பாண்டியராஜ் அடுக்களை வாசலில் சாயா டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"அவன் சொல்றதுதான் சரி" என்றார். "அந்தப் பேச்சு வேண்டாம்னு நானும் எத்தனை வாட்டி சொல்லிட்டேன்."

"உங்க தாத்தா அவரு, அப்பா!"

"தாத்தாதான். பீலா விட்டுட்டு அவர் போய்ச் சேர்ந்துட்டாரு. சுமந்தது யாரு? நான்."

அவர் சுமந்தது ஷீஜாவுக்கும் தெரியும். பட்டாளத்திலிருந்து திரும்பிய முனியாண்டிக்கு ஊரில் கிடைத்தது முனிசிபாலிட்டியில் மலம் அள்ளும் வேலை. வாளியைச் சுமந்துகொண்டே அவர் எல்லாரிடமும் சொல்வாராம்: "பிரான்சுல ஒரு அரமனை. கெழட்டு எசமானை விட்டா வீட்டு ஆம்பளைங்க எல்லாம் சண்டைக்குப் போயிட்டாங்க. அந்த வருஷத்து அறுவடையை நானும் பொம்பளைங்களும்தான் வீடு கொண்டு சேர்த்தோம்." போட்டோவைக் காட்டினாலும், ஏதோ ஸ்டுடியோவில் எடுத்தது என்று கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். 'சாயிப்பு', அதாவது வெள்ளைக்காரத் துரை, என்று பேர் வைத்தார்கள். மகன் சாயிப்பு மகன் ஆனான், பேரன் சாயிப்பு பாண்டி ஆனான். கார்ப்பரேஷனில் முப்பத்திரண்டு வருஷம் தெருக்கூட்டி ரிட்டயர் ஆன அன்று, பாண்டியராஜின் தலையில் கலர் பேப்பரில் ஒரு தொப்பியைச் செய்து கவிழ்த்து, "தொரை, உங்க திராட்சைத் தோட்டத்துக்கு எப்போ பொறப்பாடு?" என்று கேட்டுக் கைதட்டினார்கள். அவரும் கூடச் சிரித்தார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

"இன்னும் ஒரு வாட்டி என்னால தொப்பி போட்டுக்க முடியாது மோளே" என்றார் இப்போது. ஷீஜா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மத்தியானம் இரண்டு மணி. கோடவுனில் தரையைக் கடைசி முறையாகத் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் காட்டப் போகும் படத்தை நிகில் பெரிய திரையில் ஓட்டிப் பார்த்தான். ஷீஜாவும் மாப்பை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

பச்சைப் பசேலென்று திராட்சை வரிசைகள். கல் பங்களா. அதன் பெரிய இரும்பு கேட்டில் பூ சுற்றிய டிராக்டர். 'அறுவடையின் முதல் நாள்' என்றது படத்தில் பேசிய குரல். 'முன்னூறு வருஷத்துக்கு முன் பக்கத்து மடத்துப் பாதிரிமார்கள் தொடங்கி வைத்த சடங்கு இது. உலகில் வேறெங்கும் கிடையாது.'

ஒரு கிழவர் குனிந்து டிராக்டரின் நாலு சக்கரத்துக்கு அடியிலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்.

ஷீஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். டிராக்டர் பழங்களை நசுக்கிக்கொண்டு முன்னே போய் நின்றது. கிழவர் அடுத்து ஒரு பெரிய மஞ்சள் பரங்கிக்காயைத் தூக்கினார். வெள்ளைப் பூசணிக்கு அந்தக் குளிர் நாட்டில் எங்கே போவார், பாவம்! மேலே சதுரமாக வெட்டி, உள்ளே குங்குமத்துக்குப் பதில் சிவப்பு ஒயினை ஊற்றியிருந்தார்கள். வண்டிக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றி, வாசலில் ஓங்கிப் போட்டு உடைத்தார்.

"திருஷ்டி கழிக்கறாங்கடீ!" என்றாள் கூடத் துடைத்துக்கொண்டிருந்த அம்பிளி.

அதுவரை கூட ஷீஜா, யாரோ தமிழ்நாட்டுக்காரன் எப்போதோ போய்ச் சொல்லிக் கொடுத்திருப்பான் என்றுதான் நினைத்தாள். அடுத்து வந்ததுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. உடைத்த கையோடு கிழவர் ஓட்டம் பிடித்தார். பங்களாவிலிருந்து ஏழெட்டு வெள்ளைக்காரிகள் ஆளுக்கொரு துடைப்பத்தோடு ஓடி வந்து, திட்டிக்கொண்டே அவர் முதுகில் போட்டார்கள். மூன்று சுற்று. அதற்கப்புறம் அவரைக் கேட்டுக்கு வெளியே விரட்டிவிட்டு எல்லாரும் கைதட்டினார்கள்.

எலுமிச்சம்பழம் ஊர் முழுக்க வைக்கிறார்கள். பூசணிக்காய் தமிழன் இருக்கும் தெருவெல்லாம் உடைகிறது. ஆனால் உடைத்தவனை, அவன் மேல் ஏறிய கண்ணேறு போக, வீட்டுப் பெண்கள் துடைப்பத்தால் அடித்து விரட்டுவது? அது ஒரே ஒரு வீட்டு வழக்கம்! அஜீஷ் முதன்முதலில் ஒரு பழைய ஆட்டோ வாங்கியபோது அம்மா லக்ஷ்மி, உயிரோடு இருந்த காலம் அது, அப்பாவைக் காலனி பூராவும் துரத்தித் துரத்தி அடித்தாள். காலனியே கூடி நின்று சிரித்தது. "சாயிப்பு வீட்டுக் கூத்தைப் பாருடா" என்றார்கள்.

ஷீஜா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை வருஷம்! எத்தனை பேர் சிரித்தார்கள் அந்த மனுஷனைப் பார்த்து!

"எந்தா சேச்சி?" என்றான் நிகில் எரிச்சலோடு.

"பாதிரியாரா? முன்னூறு வருஷமா?" என்று கேட்டுவிட்டு மாப்பை அம்பிளி கையில் கொடுத்தாள். "அர மணி நேரத்துல வரேன்."

ஸ்கூட்டரில் சுள்ளிக்கல் போய்ச் சேர்ந்தபோது பாண்டியராஜ் வெறும் தரையில் படுத்திருந்தார். அவள் கெஞ்சவில்லை, வாதாடவில்லை. பார்த்ததை மட்டும் சொன்னாள். எலுமிச்சம்பழம் என்றபோது அவர் அசையவில்லை. பூசணிக்காய் என்றபோது, "அதுக்கென்ன இப்போ?" என்றார்.

"ஒடைச்சவனைப் பொம்பளைங்க தொடப்பத்தால அடிச்சுத் தொரத்தறாங்கப்பா. மூணு சுத்து."

பாண்டியராஜ் எழுந்து உட்கார்ந்தார்.

"வெள்ளக்காரிங்களா?"

"வெள்ளக்காரிங்கதான். அம்மா உங்களை அடிச்ச மாதிரியே."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "அவரைப் பொய்யன்னு ஊரு சொல்லிச்சு. ஊரை விடு. நானும் சொன்னேனே மோளே! அவரு சாகக் கிடந்தப்போ, 'அந்தத் தோட்டம்...'னு ஆரம்பிச்சாரு. எனக்கு அப்போ பதினாறு வயசு. 'போதும் நிறுத்துங்க, வெளியில தலை காட்ட முடியலை'ன்னு கத்தினேன். அதுக்கப்புறம் அவரு வாயே தெறக்கலை."

மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார். கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எத்தனை மணிக்குன்னு சொன்னே?"

ஐந்து மணிக்குக் கோடவுன் நிரம்பிவிட்டது. ஹோட்டல்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், பட்டுச் சேலைகள், சென்ட் வாசனை. ஒயின் கண்காட்சியில் ஒயின் ஊற்ற லைசென்ஸ் கிடைக்கவில்லை. ஆகவே எல்லார் கையிலும் நீளக் கண்ணாடித் தம்ளரில் திராட்சை ஜூஸ். படம் ஓடியது. கிழவர் துடைப்ப அடி வாங்கியபோது எல்லாரும் ரசித்துச் சிரித்தார்கள். விளக்கைப் போட்டதும் ஓதீல் மேடம் எழுந்தார். எழுபது வயது, ஒல்லியான உடம்பு, கையில் ஒரு தடி.

"வருகிற திங்கட்கிழமை என் வீட்டையும் இந்தச் சடங்கையும் தேசத்தின் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கக் கேட்டு எங்கள் அரசாங்கத்திடம் மனுக் கொடுக்கப் போகிறேன்" என்றார் இங்கிலீஷில். கைதட்டல் அடங்கக் காத்திருந்தாள் ஷீஜா. அடங்கியதும், நீல யூனிஃபார்மோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மேடம், அந்தச் சடங்கு உங்க பாதிரியாரோடது இல்லை. எங்க வீட்டோடது."

நிகில் பாய்ந்து வந்தான். "சேச்சி, வெளியில போ! இப்போ, இந்த நிமிஷம்!"

மேடத்துக்குத் தமிழும் மலையாளமும் புரியவில்லை. "என்ன சொல்கிறாள் இவள்?" என்று தன் பின்னால் நின்ற டிரைவரைக் கேட்டார். அஜீஷுக்கு முகம் வெளுத்துவிட்டது. கையில் கார் சாவி. எதிரே அக்கா. அக்காவுக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையில், இந்த மாதிரி இடத்துக்கு ஜென்மத்தில் வராத அப்பா.

"அஜீஷே, வேண்டா" என்றான் நிகில் மெதுவாக.

அஜீஷ் சாவியைப் பார்த்தான். அப்புறம் அதை நிகிலின் சட்டைப் பையில் போட்டுவிட்டு, டூரிஸ்டுகளோடு சுற்றிக் கற்ற இங்கிலீஷில், அக்கா சொன்னதை அப்படியே சொன்னான். போட்டோவில் இருப்பவர் தன் பூட்டன் என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

மேடம் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையில் மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை. "நீ சொல்வதெல்லாம் இப்போது இந்தப் படத்தில் பார்த்ததுதானே பெண்ணே? யார் வேண்டுமானாலும் சொல்லலாமே?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாண்டியராஜுக்குப் பழகிய சிரிப்பு. ஷீஜா பயந்துபோய் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலை குனியவில்லை. இரண்டடி முன்னே வந்தார்.

"படத்துல காட்டாததை நான் சொல்றேன். கேளுங்கம்மா" என்றார். "அடி வாங்கி ஓடினவன் தெரு சுத்திப் பின்வாசலுக்கு வரணும். கால் கழுவிட்டு அந்தப் படியில உக்காரணும். வீட்டு எசமான், வேற யாரும் இல்லை, எசமானே தன் கையால எலையில சோறு போடணும். அவன் கையால அள்ளித் தின்னணும். அவன் தின்னு எந்திரிக்கற வரைக்கும் வீட்டுல ஒரு ஜீவன் பச்சைத் தண்ணி தொடக்கூடாது. எந்திரிச்சப்புறம் அவன் ஒண்ணு கேக்கலாம். எசமான் இல்லைன்னு சொல்லக்கூடாது. இதான் எங்க வீட்டு மொறை."

அஜீஷ் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, மேடத்தின் முகத்திலிருந்த புன்னகை போயே போய்விட்டது. தடவிப் பார்த்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பத்திரிகைக்காரர்கள் ஜூஸ் தம்ளர்களைக் கீழே வைத்தார்கள்.

"திராட்சை இலையில்" என்றார் மேடம், மிக மெல்ல. "நாங்கள் திராட்சை இலையில் வைத்துக் கொடுப்போம். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். என் தாத்தா கையால் பரிமாறுவார். வேலைக்காரனுக்கு எஜமான் பரிமாறுவது வெளியே தெரிய வேண்டாம் என்று என் அப்பா அதை நிறுத்திவிட்டார். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை."

நிகிலுக்கு வியர்த்துவிட்டது. "ஓகே, ஓகே! இதையெல்லாம் நாம அப்புறமா உக்காந்து பேசலாம். எல்லாரும் அடுத்த ஹாலுக்கு வாங்க..." என்று கூட்டத்தைத் திருப்பப் பார்த்தான்.

அப்புறமாவது! நூறு வருஷம் போதாதா? ஷீஜா மேஜையிலிருந்த கறுப்பு மார்க்கரை எடுத்தாள். நேரே போட்டோவுக்குப் போனாள். 'பெயர் தெரியாத' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தாள். அட்டையில் இடம் போதவில்லை, புது வெள்ளை அடித்த சுவரிலேயே எழுதினாள். தமிழ் அவளுக்குப் பேசத்தான் வரும், எழுத வராது. பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளத்தில், ஒரு சாண் உயரத்துக்கு எழுதினாள்: முனியாண்டி. வண்டிக்காரர். மட்டாஞ்சேரி.

"ஏய்! சுவரை என்ன பண்றே? தொடை அதை! தொடைன்னு சொல்றேன்ல?" என்று கத்தினான் நிகில்.

"தொடைக்கறதுதான் சாரே என் வேலை" என்றாள் ஷீஜா. "நாளைக்கு வேலையில வெச்சா, இந்தக் கோடவுன் பூராவும் தொடைப்பேன். இதைத் தொடைக்க மாட்டேன்."

அவன் வாளியிலிருந்து ஈரத் துணியைத் தானே எடுத்துக்கொண்டு வந்தான். சுவருக்கும் அவனுக்கும் நடுவில் பாண்டியராஜ் போய் நின்றார். முதுகு பெயரில் படாமல் ஓர் அங்குலம் தள்ளி நின்றார், மை இன்னும் காயவில்லையே.

"முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊரைத் தொடைச்சவன் நான்" என்றார். குரல் கோடவுன் கூரை வரை போயிற்று. "நான் முனியாண்டி பேரன். என் தாத்தா பேரை எவன் தொடைக்கறான்னு பாக்கறேன், வா!"

நிகில் நின்றுவிட்டான். துணியிலிருந்து தண்ணீர் அவன் ஷூவில் சொட்டியது.

"விடுங்கள். அது இருக்கட்டும்" என்றார் ஓதீல் மேடம். தடியை ஊன்றி எழுந்து, மெதுவாக நடந்து வந்து, பாண்டியராஜுக்கு நேராக நின்றார். அவர் பேசியதை அஜீஷ் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னான்.

"இந்தப் பேரைத் திங்கட்கிழமை மனுவில் எழுதினால் என் முன்னூறு வருஷக் கதை பாதி செத்துப்போகும். எழுதுவேனா என்று எனக்கே இன்னும் தெரியாது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். போர்க் காலத்தில் ஒரு வருஷம் அப்படிச் சாப்பிட்டு எழுந்த ஒருவர் எங்கள் வீட்டில் ஒன்று கேட்டாராம்; அது இவராகத்தான் இருக்க வேண்டும். என் தாத்தாவின் அப்பா முடியாது என்று சொல்லிவிட்டாராம். என்ன கேட்டார் என்று மட்டும் எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். உங்களுக்குத் தெரியுமா?"

ஷீஜா அப்பாவைப் பார்த்தாள். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. அஜீஷுக்கும் தெரியாது. பாண்டியராஜின் கண் ஒரு தடவை போட்டோவுக்குப் போய்த் திரும்பியது.

"தெரியும்" என்றார். "எங்கப்பா சாகும்போது என்கிட்ட மட்டும் சொன்னாரு. என் பொண்டாட்டிகிட்டகூட நான் சொன்னதில்லை."

"சொல்லுங்கள்" என்றார் மேடம்.

"இங்க சொல்ல மாட்டேன்." பாண்டியராஜ் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார். "அந்த வீட்டுப் பின்வாசல் படியில உக்காந்து, நீங்க எலை போட்டு, உங்க கையால சோறு வெச்சு, நான் தின்னு எந்திரிச்சப்புறம்தான் சொல்வேன். ஏன்னா அதை நான் சொல்லப் போறதில்லை, கேக்கப் போறேன். இந்த வாட்டி நீங்க இல்லைன்னு சொல்லக் கூடாது."

தம்பி தயங்கினான். "அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுடா" என்றாள் ஷீஜா.

அஜீஷ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தான்.